பீப்பாய்ல ஊறின பரங்கிக்காய் பீரை ருசி பாக்குறது எப்படி

முதல் தடவை ஒரு பேரல் ஏஜ்டு பம்ப்கின் பீர் கைக்கு வந்தப்போ ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்தி குடிச்சேன், மரவாசனையும் விஸ்கி காரமும் மட்டும் தான் தெரிஞ்சுது, பரங்கிக்காய் எங்க இருக்குன்னே தெரியல. பாதி கிளாஸை மேஜைல வெச்சுட்டு ஒரு ஃபோன் பேச போயிட்டேன், முக்கால் மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து எடுத்து மோந்து பாத்தா அது வேற பீர். பட்டை, ஜாதிக்காய், வெனிலா, சுட்ட பரங்கிக்காயோட அந்த மெல்லிசான இனிப்பு எல்லாம் வரிசையா எந்திரிச்சு வந்துச்சு. அன்னைக்கு புரிஞ்சது தான் இந்த முழு விஷயத்துக்கும் அடிப்படை, இந்த பீரை அவசரமா குடிச்சா காசும் போச்சு பீரும் போச்சு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்னா மட்டும் பாட்டிலை திறங்க.

முதல்ல இது என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா எதை தேடணும்னு தெரியாம வாயில வெச்சா ஒண்ணும் கிடைக்காது. அமெரிக்காவுல குடியேறின ஆரம்ப காலத்து மக்களுக்கு பார்லி மால்ட், அதாவது பீருக்கு அடிப்படையான முளைக்க வெச்சு காய வெச்ச பார்லி, சுலபமா கிடைக்கல, கிடைச்சது பரங்கிக்காய், அதனால அதோட சாறை புளிக்க வெச்சு குடிச்சாங்க, அதாவது அப்போ இது ஆசைக்கு பண்ணது இல்ல, வேற வழி இல்லாம பண்ணது. மால்ட் தாராளமா கிடைக்க ஆரம்பிச்சதும் பழக்கம் மறைஞ்சு போச்சு. அப்புறம் 1980கள்ல கலிஃபோர்னியாவுல ஹேவர்ட் ஊர்ல பஃபலோ பில்ஸ் ப்ரூவரி நடத்தின பில் ஓவன்ஸ் தான் அதை திரும்ப கொண்டு வந்தார். பரங்கிக்காயை போட்டு காய்ச்சினா முடிவுல பரங்கிக்காய் ருசின்னு தனியா ஒண்ணும் நிக்கல, அதனால பம்ப்கின் பைங்கற பரங்கிக்காய் இனிப்பு பண்டத்துக்கு போடுற மசாலாவை சேர்த்தாரு, பட்டை, ஜாதிக்காய், கிராம்பு இதெல்லாம். இன்னைக்கு வரைக்கும் முக்கால்வாசி பம்ப்கின் பீர் அந்த வழில தான் போகுது. டாக்ஃபிஷ் ஹெட் பங்கின் ஏல், சதர்ன் டியர் பம்கிங் எல்லாம் அதே குடும்பம்.

பீப்பாய் கதை தனி. அமெரிக்க சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்பக்கம் கரிச்ச புது ஓக் மர பாத்திரத்துல தான் வெக்கணும், ஒரு தடவை வெச்ச பீப்பாயை மறுபடி போர்பனுக்கு யூஸ் பண்ண முடியாது, அதனால காலி பீப்பாய்ங்க நிறைய வெளில வருது, ஒவ்வொண்ணும் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். 1990கள்ல சிகாகோவுல கூஸ் ஐலண்ட் ப்ரூவரி ஸ்டவுட்டை, அதாவது வறுத்த மால்ட்ல பண்ற கருப்பு பீரை, இந்த பீப்பாய்ல ஊற வெச்சு பேர் வாங்கினதுக்கு அப்புறம் இந்த முறை பரவலாச்சு, பம்ப்கின் பீரும் அதுல சேர்ந்துச்சு. கொலராடோவுல ஏவரி ப்ரூவிங் ரம் பீப்பாய்ல ஊற வெச்சு ரம்ப்கின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அது சாதாரண பீரை விட மூணு மடங்கு ஸ்ட்ராங்.

ஆக கிளாஸ்ல இருக்கறது மூணு அடுக்கு. அடில மால்ட்டும் ஈஸ்ட்டும் சேர்ந்த பீர், நடுவுல மசாலா, மேல பீப்பாய். பரங்கிக்காய் இந்த மூணுக்கும் அடில ஒளிஞ்சுட்டு இருக்கும். முழு பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வோம்ல, இங்க நிஜமாவே அதான் நடக்குது, அதை தோண்டி எடுக்கறது தான் நம்ம வேலை.

பாட்டில் வாங்கும்போது பாட்டில் பண்ண தேதி இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ராங்கான பீரை வருஷக்கணக்குல வெச்சு குடிக்கலாம்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஸ்டவுட்டுக்கு அது சரி, இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். மசாலா வாசனை தான் முதல்ல மங்கும், மரமும் ஆல்கஹாலும் நிக்கும், ரெண்டு மூணு வருஷம் ஆச்சுன்னா பம்ப்கின் பீர்னு எழுதி இருக்கற ஒரு மர பீர் தான் மிஞ்சும். ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சுடுங்க. அதுவரைக்கும் பாட்டிலை நிமிர்த்தி, வெளிச்சம் படாத, சூடு ஏறி இறங்காத இடத்துல வைங்க. வெளிச்சம் பீருக்கு கசப்பு குடுக்கற ஹாப்ஸ் பூவுல இருந்து வந்த பொருளோட சேர்ந்து ஒரு நாத்தத்தை கிளப்பும், பச்சை பாட்டில்லயும் வெள்ளை பாட்டில்லயும் அது சீக்கிரமே வரும்.

இப்போ யாரும் பெருசா சொல்லாத ஒரு தயாரிப்பு, ஆனா எனக்கு ரொம்ப உதவினது. பீரை திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி சமையலறைல இருந்து ஒரு துண்டு பட்டை, ரெண்டு கிராம்பு, கொஞ்சம் துருவின ஜாதிக்காய், ஒரு துண்டு இஞ்சி எடுத்து தனித்தனி சின்ன கிண்ணத்துல வைங்க, ஒவ்வொண்ணா மோந்து பாருங்க, நடுநடுவுல உங்க முழங்கையை மோந்தா மூக்கு பழைய நிலைக்கு வரும். அதோட ஒரு சின்ன துண்டு பரங்கிக்காயை, அதாவது உள்ள மஞ்சளா இருக்கற காய், வெள்ளை பூசணி இல்ல, உப்பு மசாலா எதுவும் போடாம ஓவன்லயோ வாணலிலயோ சுட்டு ஆற வெச்சு சாப்பிட்டு பாருங்க. எவ்வளவு மெல்லிசான ருசின்னு அப்போ தான் புரியும், லேசான இனிப்பு, கொஞ்சம் மண் வாசனை, வேகவெச்ச கேரட் மாதிரி ஒண்ணு, மத்தபடி நாக்குல ஒரு வழவழப்பு. இதை சாப்பிடாம பீர்ல பரங்கிக்காய் தெரியலைன்னு புகார் சொல்றவங்க நிறைய பேர் உண்மைல கிராம்பையும் ஜாதிக்காயையும் தான் பரங்கிக்காய்னு நெனச்சு தேடிட்டு இருக்காங்க.

அன்னைக்கு சென்ட் போடாதீங்க, காரமா சாப்பிட்டுட்டு வந்து உட்காராதீங்க, காபி குடிச்சு ஒரு மணி நேரமாவது ஆகி இருக்கணும். வாய் கழுவ தண்ணியும், உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ பக்கத்துல இருக்கட்டும்.

கிளாஸ் விஷயத்துல பெருசா குழம்ப வேண்டாம், வாய் குறுகி வயிறு அகலமா இருக்கணும், பிராந்தி குடிக்கற ஸ்னிஃப்டர் நல்லது, ட்யூலிப் கிளாஸும் நல்லது, ரெண்டும் இல்லன்னா ஒயின் கிளாஸ் போதும். சோப்பு வாசனை இல்லாம நல்லா அலசி இருக்கணும், அது ரொம்ப முக்கியம், ஒரு துளி சோப்பு நுரையையே கொன்னுடும். நேரா மேல வரைக்கும் இருக்கற பைன்ட் கிளாஸ்ல மட்டும் ஊத்தாதீங்க, வாசனை நிக்காது.

சூட்டளவு தான் இந்த வித்தையோட பாதி. ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரி இருக்கும், அந்த குளிர்ல நாக்கு மரத்து போய் இனிப்பும் வாசனையும் அடங்கிடும், கசப்பும் துவர்ப்பும் தூக்கலா தெரியும், நான் முதல் தடவை மாட்டினது இதுல தான். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளில வெச்சா சுமார் 8 டிகிரி பக்கம் வரும், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம். அங்க ஆரம்பிச்சு 10ல இருந்து 13 டிகிரிக்குள்ள நிதானமா குடிச்சு, கடைசி வாய் 16 டிகிரி பக்கம் வரணும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், ஒரு தோராய கணக்கு போதும். சூடு பத்தலைன்னா உள்ளங்கைல கிளாஸை பிடிச்சுக்கோங்க.

ஊத்தும்போது 90 மில்லி போதும், கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு கூட வேண்டாம். நுரை சீக்கிரம் அடங்கிடுச்சுன்னா பயப்படாதீங்க, ஆல்கஹால் அதிகமா இருந்தா நுரை நிக்கறது கஷ்டம், பீப்பாய்ல ஊறினதுல கேஸ் கம்மியா இருக்கறதும் சகஜம். வெளிச்சத்துல தூக்கி பாருங்க, செம்பு கலர், மெல்லிய ஆரஞ்சு, இல்ல காபி கருப்பு எதுவா வேணா இருக்கலாம், அடில எந்த பீர் போட்டாங்கங்கறதை பொறுத்தது. கொஞ்சம் கலங்கலா இருந்தா அதுவும் தப்பு இல்ல, பரங்கிக்காய்ல இருக்கற பெக்டின்னு ஒரு பொருள் அப்படி பண்ணும். பாக்குறதுல இதுக்கு மேல நேரம் போட வேண்டாம்.

மோந்து பாக்குறதுல தான் நேரம் போடணும். முதல்ல கிளாஸை ஆட்டாம, மூக்கை விளிம்புக்கு ஒரு அங்குலம் மேல வெச்சு சின்ன சின்னதா ரெண்டு மூணு தடவை இழுங்க, ஆழமா ஒரே இழுப்பா இழுத்தா ஆல்கஹால் மூக்கை அடைச்சுடும். முதல்ல வர்றது அனேகமா பீப்பாய். வெனிலா வாசனை ஓக் மரத்துல இருக்கற லிக்னின் சூட்டுல உடைஞ்சு வர்றது, தேங்காய் மாதிரி ஒரு வாசனை வந்தா அது ஓக் லாக்டோன், அமெரிக்கன் ஓக்ல அது அதிகம், புகை மாதிரி வந்தா உள்பக்கம் கரிச்சதோட வேலை. ரம் பீப்பாயா இருந்தா வெல்லப்பாகு, கனிஞ்ச வாழைப்பழம் பக்கம் போகும். அப்புறம் கிளாஸை மெதுவா சுழட்டி மறுபடி மோந்தா மசாலா மேல வரும், பட்டை தான் பெரும்பாலும் முன்னாடி நிக்கும், ஜாதிக்காய் கொஞ்சம் பின்னாடி, கிராம்பு இடம் பாத்து குத்தும்.

இந்த கிராம்பு தான் எல்லாரையும் குழப்பற ஆளு, இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன். கிராம்பு வாசனை இந்த பீருக்குள்ள மூணு வழில வரலாம். நிஜமாவே கிராம்பு போட்டிருக்கலாம், அதோட வாசனைக்கு காரணம் யூஜெனால்னு ஒரு பொருள். ஓக் மரத்துலயும் அதே யூஜெனால் இருக்கு, அதனால கிராம்பே போடாம பீப்பாய்ல இருந்தும் வரலாம். மூணாவது, சில ஈஸ்ட் வகைங்க புளிக்க வெக்கும்போது கிராம்பு மாதிரி மணக்கற ஒரு ஃபீனாலை உண்டாக்கும், கோதுமை பீர்ல வருமே அது. எப்படி பிரிக்கறதுன்னா, நான் பண்றது இது தான். நாக்கு நுனி லேசா மரத்து போச்சுன்னா அது போட்ட கிராம்பு, கிராம்பை கடிச்சா மரத்து போகும்ல அதே மாதிரி. வெனிலாவும் தேங்காயும் கூடவே ஒட்டிட்டு வந்தா மரம். வாழைப்பழ வாசனையோட சேர்ந்து வந்தா ஈஸ்ட், ஆனா ரம் பீப்பாய்னா இந்த கடைசி கணக்கு செல்லாது, அங்க வாழைப்பழம் ரம்ல இருந்தே வந்திருக்கலாம். நூத்துக்கு நூறு சரியா வரும்னு சொல்லல, ஆனா இப்படி கேள்வி கேட்டுட்டே மோந்தா ரெண்டாவது மூணாவது பாட்டில்லயே மூக்கு கூர்மையாகும்.

இப்போ முதல் வாய். சின்னதா எடுங்க, அதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, அது வாயை பழக்கறதுக்கு மட்டும். ரெண்டாவது வாயை நாக்கு பூரா பரவ விட்டு, அஞ்சு ஆறு விநாடி வெச்சு, முழுங்கிட்டு, வாயை மூடினபடியே மூக்கு வழியா மூச்சை வெளில விடுங்க. ருசின்னு நாம சொல்றதுல பெரும்பகுதி இந்த மூச்சுல தான் இருக்கு, வாயோட பின்பக்கமா வாசனை மூக்குக்கு ஏறும். ஒயின் மாதிரி துப்பணும்னு இல்ல, பீர்ல முழுங்கினதுக்கு அப்புறம் நிக்கற கசப்பையும் பாக்கணும், அதனால கொஞ்சமாவது முழுங்கணும்.

சூடு எங்க தெரியுதுன்னு கவனிங்க, ஏன்னா இதுலயும் ரெண்டு ஆள் கலந்து இருக்காங்க. ஆல்கஹாலோட சூடு தொண்டைல இறங்கி நெஞ்சு வரைக்கும் போகும், இஞ்சியோட காரம் நாக்குலயும் தொண்டையோட மேல்பக்கத்துலயும் நின்னு எரியும், இறங்காது. முழுங்கினதுக்கு அப்புறம் நாக்கால ஈறை தடவி பாருங்க, டீத்தூள் அதிகமா போட்ட டீ மாதிரி பிடிச்சு இழுத்தா அது மரத்தோட டானின், பட்டை அதிகமா போனாலும் இப்படி ஒரு வறட்சி வரும். கொஞ்சம் துவர்ப்பு இருந்தா நல்லது, இல்லன்னா இனிப்பு திகட்டும். வாய் வறண்டு தண்ணி தேடுதுன்னா பீப்பாய்ல தேவைக்கு மேல விட்டுட்டாங்க.

பரங்கிக்காயை தேட வேண்டிய நேரம் சரியா நடுவுல. வாயில வெச்சதும் வர்ற இனிப்புக்கும் கடைசில வர்ற கசப்புக்கும் இடைல ஒரு சின்ன வெளி இருக்கும், மசாலா கொஞ்சம் ஒதுங்கி நிக்கற நேரம். அங்க வழவழன்னு ஒரு உருண்டை தன்மை, சுட்ட காயோட அடங்கின இனிப்பு, ஒரு துளி மண் வாசனை வந்தா அதான். ருசியா தேடறதை விட அது நாக்குல எப்படி உட்காருதுன்னு தேடுங்க, எனக்கு அப்படி தான் பிடிபட்டுச்சு. காயை நல்லா சுட்டு போட்டவங்க பீர்ல இது கேரமல் பக்கம் சாயும், பச்சையா போட்டா காய்கறி வாசனை கொஞ்சம் தூக்கும். கருப்பு போர்ட்டர்லயோ ஸ்டவுட்லயோ வறுத்த மால்ட் இதை அடிச்சுடும், அதனால முதல் தடவை ருசி பாக்குறவங்க செம்பு கலர்ல இருக்கற ஏல் வகைல ஆரம்பிச்சா நல்லது. முதல் கிளாஸ்ல கிடைக்கலைன்னா விடுங்க, 12 டிகிரி தாண்டினதுக்கு அப்புறம் மறுபடி இதே இடத்துல பாருங்க.

அதனால தான் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு வாய்னு போகணும். மணியை எழுதி பக்கத்துல ரெண்டு வார்த்தை எழுதுங்க, 8.10 பட்டை, மரம், 8.25 வெனிலா, லேசா சுட்ட காய், இப்படி. அழகா எழுதணும்னு இல்ல, அந்த நிமிஷத்துல தோணினதை எழுதணும், அப்புறமா எழுதலாம்னு விட்டா மனசு தன் இஷ்டத்துக்கு ஒரு கதை கட்டிடும். மார்க் போட பிடிக்கும்னா பீர் ஜட்ஜுங்க யூஸ் பண்ற பிஜேசிபி தாள் நல்ல வழிகாட்டி, மொத்தம் 50ல வாசனைக்கு 12, பாக்க எப்படி இருக்குங்கறதுக்கு 3, ருசிக்கு 20, வாயில இருக்கற உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நான் கேக்கற ஒரே கேள்வி, பீப்பாய் பீரை தூக்கி நிறுத்துதா இல்ல முழுங்கிடுச்சா. போர்பனை மட்டும் குடிக்கணும்னா போர்பனையே வாங்கி இருக்கலாமே.

கெட்டுப்போனதும் கெட்டுப்போகாததும் இந்த வகைல கொஞ்சம் பக்கத்து பக்கத்துல இருக்கும். திராட்சை வத்தல், ஷெர்ரி ஒயின் மாதிரி ஒரு வாசனை மெல்லிசா வந்தா அது காத்து பட்டதால வந்தது தான், ஆனா அழகு. அதுவே நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனையா மாறினா பீர் போயிடுச்சு. வினிகர் புளிப்பு குத்தினா பீப்பாய்ல பாக்டீரியா பூந்துடுச்சு. நெயில் பாலிஷ் வாசனை வந்தா அது எத்தில் அசிட்டேட், ஒரு தடவை ரொம்ப நாள் காத்திருந்து வாங்கின பாட்டில்ல எனக்கு இது வந்துச்சு, மனசு கேக்காம அரை மணி நேரம் வெச்சு வெச்சு பாத்தேன், அது சூடு ஏற ஏற இன்னும் மோசமாச்சு. அப்படி வந்தா கொட்டிடுங்க. புளிப்பு வேணும்னே பண்ண பம்ப்கின் பீரும் இருக்கு, அதனால லேபிளை ஒரு தடவை படிச்சுட்டு தீர்ப்பு சொல்லுங்க.

ஸ்ட்ராங் பத்தி நேரா சொல்லிடறேன். 355 மில்லி பாட்டில்ல 12 சதவீதம் இருந்தா அதுல சுமார் 34 கிராம் ஆல்கஹால் இருக்கு, அமெரிக்க கணக்குல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்னா 14 கிராம், அப்போ ஒரே பாட்டில் ரெண்டரை டிரிங்க் கிட்ட. மசாலாவும் இனிப்பும் அதை நல்லா மறைச்சு வெச்சிருக்கும். மூணு நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை பகிர்ந்துக்கங்க, ருசிக்கும் அது தான் நல்லது, ஒருத்தருக்கு பிடிபடாத ஜாதிக்காய் இன்னொருத்தருக்கு சட்டுனு பிடிபடும். ஆனா எல்லாரும் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் பேசுங்க, முதல்ல ஒருத்தர் தேங்காய்னு சொல்லிட்டா அப்புறம் மேஜைல எல்லாருக்கும் தேங்காய் தான் வரும். அன்னைக்கு யாரும் வண்டி ஓட்டாதீங்க.

சாப்பிட ஏதாவது வேணும்னா ருசி பாத்து முடிச்சதுக்கு அப்புறம். பம்ப்கின் பையோட சேர்த்து குடிக்க சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ரெண்டுலயும் ஒரே மசாலா இருக்கறதால பீர்ல இருக்கறது அமுங்கி போயிடும். நல்லா பழுத்த கௌடா சீஸ், நீல சீஸ், வறுத்த பாதாம் இந்த மாதிரி உப்பும் கொழுப்பும் இருக்கறது நல்லா சேரும்.

கடைசி வாய் குடிச்சதும் கிளாஸை உடனே கழுவிடாதீங்க. அப்படியே இருபது நிமிஷம் திறந்து வெச்சுட்டு மோந்து பாருங்க. ஆல்கஹால் ஆவியா போயிருக்கும், கேஸ் போயிருக்கும், அடில ஒட்டி காய்ஞ்ச அந்த மெல்லிய பூச்சுல வெனிலாவும் மரமும் ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், ஒண்ணை ஒண்ணு மறைக்காம. பீர் இருந்தப்போ நீங்க எழுதின மரம், கிராம்பு எல்லாம் சரியான்னு அங்க சரிபார்த்து, தப்பா இருந்தா அடிச்சு திருத்தி எழுதிட்டு அப்புறம் கிளாஸை கழுவுங்க.